மூன்று மரவேலைப் பத்திரிகைகளும் ஒரு இஞ்சும்

மே 12, திங்கள். சிதம்பரம்.

வெயில். காலை ஒன்பது மணிக்கே பட்டறைத் தகரம் டிக் டிக் என்கிறது. இன்றைய வேலை: மாமாவுக்கு ஒரு மரவேலைப் பத்திரிகை தேர்ந்தெடுப்பது. லீவு முடிந்து நான் கடலூர் திரும்புவதற்குள் சந்தா கட்டியாக வேண்டும்.

மூன்று மாதிரி இதழ்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். எடைக்குப் போடுகிற மாதிரி.

“வர்றவங்க எல்லாம் போனுல படத்தக் காட்டி இதே மாதிரி வேணுங்கறாங்க. நான் கண்ணாடிய மாட்டறதுக்குள்ள போனு அணஞ்சிடுது. டேபிள் மேல புக்கு கெடந்தா அவுங்களே பொரட்டிப் பார்த்துக் கேப்பாங்க. நீதான் இங்கிலீசு மீடியம். நல்லதா ஒன்னு பார்த்து வர்ற மாதிரி பண்ணு.”

“மூணுமே நல்லா இல்லன்னா?”

“வாயி மட்டும் ஒரு இஞ்சு ஜாஸ்தி உனக்கு.”

இஞ்ச். அந்த வார்த்தையைக் கேட்டால் போன வாரம் வரை எழுந்து வெளியே போய்விடுவேன். இன்று அதுவும் இல்லை. மரப்பட்டறையில் கிடந்தால் மரத்துத்தான் போகும் போல.

இதைச் சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் ஏழுமலை அண்ணன். பதினோரு வருடமாக மாமாவிடம் வேலை. இப்போது இல்லை. இரண்டு வாரம் முன்னால் மாமா நிறுத்திவிட்டார். காரணம் நான். மாமாவுக்கு அது தெரியாது.

பத்திரிகைகள். மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன்.

சீமை: வெளிநாடு. வழவழ. யாரோ கஸ்டமர் விட்டுப்போனது. அதில் ஒரு தாத்தா சட்டை கசங்காமல் நாற்காலி செய்கிறார். தரையில் ஒரு மரச்சுருள்கூட இல்லை. நம்ப முடியவில்லை.

டில்லி: வடக்கத்தி. பாதி பிளைவுட் விளம்பரம், மீதி கோட்டு போட்டவர்கள் ரிப்பன் வெட்டும் படம். மரத்தை வெட்டும் படம் ஒன்றே ஒன்று.

ஒல்லி: இரண்டு மாதத்துக்கு ஒன்று. சாணித்தாள். கோடு போட்டு வரைந்த படம் ஜாஸ்தி, எழுத்து கம்மி. அட்டையில் ஒரு முக்காலி, அதுவும் கொஞ்சம் சோகமாக.

மதியம்: கத்தரிக்காய் சாம்பார். அத்தை கேட்டாள், “உப்பு போதுமாடி?” தெரியவில்லை. போதும் என்றேன்.


மே 13, செவ்வாய்

பட்டறையில் ஏ.அ. (= ஏழுமலை அண்ணன்) வேலை செய்கிற மேஜை அப்படியே இருக்கிறது. மேலே தூசி. விரலால் ‘விடுமுறை’ என்று எழுதினேன். அழித்தேன்.

இந்த டைரியில் பக்க அடையாளமாக வைத்திருப்பது மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புத் துண்டு. நீளம் ஒரு இஞ்ச். இதன் கதையை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் நடுவில். பரீட்சை முடிந்து இங்கே வந்து நான்காவது நாள். மாமாவின் அளவு டேப் டிராயரில் இருந்தது. முனையில் இருக்கும் கொக்கியைக் கழற்றி, டேப்பில் முதல் இஞ்சைக் கத்தரித்து எடுத்துவிட்டு, கொக்கியைப் பழையபடி ரிவிட் அடித்து வைத்தேன். சுத்தமான வேலை. அந்த டேப்பில் எண் 1 கிடையாது. அதில் எதை அளந்து வெட்டினாலும் ஒரு இஞ்ச் குறையும். மாமா ஒரு ரீப்பர் கட்டையை வெட்டிவிட்டுத் தலையைச் சொறிவார், ஏ.அ. சிரிப்பார், நான் துண்டை நீட்டுவேன். திட்டம் அவ்வளவுதான்.

மூன்று நாள் மாமா அதே டேப்பில் அளந்தார். ஒன்றும் தப்பவில்லை. ஏன் என்று புரியவில்லை. அலுத்துப்போய் மறந்துவிட்டேன்.

நான்காம் நாள். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்கு ஐந்து கதவு. தேக்கு. ஏ.அ. அந்த வீட்டுக்குப் போய் வாசக்கால்களைத் தன் டேப்பில் அளந்து, பிளைவுட் துண்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். இறங்கும்போது அவருடைய டேப் மாடியிலிருந்து விழுந்து உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. பட்டறைக்கு வந்து மாமாவின் டேப்பை எடுத்து மரத்தில் குறித்தார். ஐந்து கதவுக்கும்.

அன்று நான் அத்தையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கதவுகளை மாட்டப் போன அன்றுதான் தெரிந்தது. ஐந்துமே நீளத்தில் ஒரு இஞ்ச், அகலத்தில் ஒரு இஞ்ச் குறைவு. மறுநாள் அந்த வீட்டில் கிரகப்பிரவேசம். படுக்கையறைகளுக்குக் கதவுக்குப் பதில் வேட்டி கட்டினார்கள். வீட்டுக்காரர், கொத்தனார், ஐயர், நான், எல்லோர் எதிரிலும் மாமா கேட்டார்: “கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?”

“நான் சரியாத்தான் வச்சேன் மச்சான்” என்றார் ஏ.அ. மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவருக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்தது: அதே நிறத்தில் புது டேப் வாங்கி டிராயரில் வைத்தேன். வெட்டிய டேப்பை என் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் செய்தது விளையாட்டு. இதற்குப் பெயர் வேறு. இதை எழுதும்போதும் ஒன்றும் ஆகவில்லை.


மே 15, வியாழன்

கரண்ட் இல்லை. ரம்பம் ஓடாது. “சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு அந்த புக்குல என்னா போட்டிருக்கான்னு படி” என்றார் மாமா.

சீமையில் பசை பற்றி நாலு பக்கம். அவருக்குக் கொட்டாவி. டில்லியில் ஒரு கம்பெனி தலைவரின் பேட்டி. “வேற” என்றார். ஒல்லியில் கடைசிப் பக்கம், வாசகர் எழுதும் யோசனைகள். படித்துத் தமிழில் சொன்னேன்: டேப் முனையிலுள்ள கொக்கி நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். அதை நம்பாமல் நடுவில் ஒரு எண்ணிலிருந்து பிடித்து அளந்து, பிறகு அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத புக்குல வேற போடறானா? நான் சின்ன வயசுலருந்து அப்படித்தான். பத்துல புடிப்பேன், பத்தக் கழிப்பேன். கொக்கியப் போட்டதே இல்ல.”

அதுதான். மூன்று நாள் ஏன் தப்பவில்லை என்று இன்றுதான் புரிந்தது. பத்திலிருந்து பிடிப்பவருக்கு ஒன்று இல்லாதது தெரியவே தெரியாது. மாமாவுக்கு வைத்த ஆப்பு மாமாவுக்கு இறங்காது என்று அப்போதே முடிவாகியிருக்கிறது.

“ஏழுமலைகிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்கேன். கொக்கிய நம்பாதடா, பத்துல புடின்னு. அதுல என்னா இருக்குன்னுட்டான். கொக்கி ஆடினா ஒரு நூலு, அரக்கால் இஞ்சு, போவும். இவனுக்கு ஒரு இஞ்சு போயிருக்கு. அது கொக்கி இல்ல, கவனம்.”

நான் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்தது பூனைக்குக் கூண்டு செய்வது எப்படி. அதையும் படித்தேன்.


மே 16, வெள்ளி

ப்ளஸ் ஒன் ரிசல்ட். பாஸ். அம்மா போனில் அழுதாள், சந்தோஷத்தில். நான் “ம்” என்றேன். “பாஸ் பண்ணதுக்கு ம்-மா?” என்றாள். “ம்.”

பதினோரு மணி. ஏ.அ. வந்தார், உளிப் பெட்டியை எடுத்துப்போக. மாமா வெளியே போயிருந்தார். அது தெரிந்துதான் வந்திருப்பார்.

கண்ணாடி போட்டிருந்தார். கறுப்பு பிரேம். முகத்தோடு ஒட்டவில்லை, யாரிடமோ இரவல் வாங்கியது போல.

“என்னா வாலு, அப்படிப் பார்க்கற?”

“கண்ணாடி...”

“பண்ருட்டியில கேம்பு போட்டிருந்தாங்க. டெஸ்ட் பண்ணிட்டு கொஞ்சூண்டு பவர் இருக்குன்னாங்க. அந்தக் கொஞ்சூண்டுதான் ஒரு இஞ்சு போலருக்கு.”

சிரித்தார். அவர் ஜோக்குக்கு நான் சிரிக்க வேண்டிய முறை. வாயைத் திறந்தேன்.

போன வருடம் இவருடைய டிபன் பாக்ஸில் சோற்றின் மேல் தேக்குச் சுருளைப் பரப்பி அப்பளம் என்று மூடி வைத்தேன். திறந்து பார்த்து, அசராமல் ஒன்றை எடுத்து வாயில் வைத்து, “உப்பு கம்மி” என்றவர்.

பெட்டியைத் தோளில் தூக்கினார். வாசலில் நின்று திரும்பினார். “பாப்பா, நீ சொல்லு. நான் அளவு தப்பா வைக்கற ஆளா?”

“இல்லண்ணா.”

“நீ நம்பற.”

“நம்பறேண்ணா.”

“போதும். ஒரு ஆளாச்சும் இருக்கே.”

போய்விட்டார். இப்போது காடாம்புலியூரில் பலா மண்டியில் லோடு ஏற்றுகிறாராம். அத்தை சொன்னாள்.

சாப்பிட்டேன். இரண்டு தோசை.


மே 18, ஞாயிறு. கடலூர்.

மஞ்சக்குப்பம். வீடு. அம்மாவுக்கு ஆபீஸ் லீவு. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட், பந்து இரண்டு தடவை எங்கள் காம்பவுண்டுக்குள். வழக்கமாக நான் பந்துக்குப் பதில் உருளைக்கிழங்கைத் திருப்பி வீசுவேன். இன்று பந்தையே வீசினேன். “அக்காவுக்கு உடம்பு சரியில்லடா” என்றான் ஒருவன்.

மூன்று பத்திரிகையையும் எடுத்து வந்திருக்கிறேன். மூன்றிலும் கடைசியில் தனியாகச் செருகிய சந்தாக் கூப்பன். பெயர், முகவரி, பின்கோடு. பேனாவை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் மாமா பெயரை எழுத வேண்டும்.

ஏழுமலை என்று எழுதினேன். முகவரி: காடாம்புலியூர். எது என்று இன்னும் முடிவு செய்யாததால் மூன்றிலும் எழுதினேன்.

யோசனை இதுதான்: புத்தகம் ஏ.அ. வீட்டுக்குப் போகும். யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. பலாப்பழம் தூக்கிவிட்டு வந்து திண்டில் சாய்ந்து சீமைத் தாத்தாவைப் பார்த்துச் சிரிப்பார். மாமா கேட்டால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா காப்பியோடு வந்தாள். “யாருக்குடி எழுதற?”

“மாமாவுக்குத்தான். புக்கு.”

“வராம கிராம போயிடப்போவுது. எங்க ஆபீசுக்கு வர்ற போஸ்ட்மேன் பாவம், யாரு லெட்டர் எங்க போனாலும் அவரத்தான் புடிச்சுத் திட்டறாங்க.”

காப்பி குடித்தேன். சூடு. நாக்கு சுட்டது, அது மட்டும் தெரிந்தது.

ஆக, அடுத்து செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கப்போவது ஒரு போஸ்ட்மேன். ஏழுமலை அண்ணனுக்கு இன்னொரு ஏழுமலை அண்ணனைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கூப்பன்களைக் கிழித்துப் போடவில்லை. அனுப்பவும் இல்லை. புத்தகத்துக்குள்ளேயே வைத்துப் பையை மூடினேன்.


மே 20, செவ்வாய். சிதம்பரம்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பையில் வெட்டிய டேப். டைரி. துண்டு.

மாமா பத்திரிகைகளை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கூப்பன் விழுந்தது.

“என்னா பாப்பா இது, மூணுலயும் அவன் பேரு? இவ்ளோ நாளா வேல செய்யலியே உன் வாலுன்னு பார்த்தேன்.”

“விளையாட்டு இல்ல மாமா.”

“நீயா?”

நியாயம்தான். இவர் மத்தியானம் தூங்கும்போது நெஞ்சில் ‘விற்பனைக்கு, சேதாரம் உண்டு’ என்று அட்டை மாட்டியவள் நான்.

“அந்த அஞ்சு கதவு. ஏழுமலை அண்ணன் தப்பா அளக்கல. உங்க டேப்புல முதல் இஞ்ச நான் வெட்டி எடுத்துட்டேன். உங்களுக்குன்னு வச்சது. நீங்க பத்துல புடிப்பீங்கன்னு தெரியாது. அவர் அதுலதான் அளந்தாரு.”

மாமா டிராயரைத் திறந்து டேப்பை எடுத்து இழுத்தார். 1 இருந்தது. என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“ஒன்னு இருக்குதே.”

“அது புதுசு. நான் மாத்தி வச்சேன்.”

“பாப்பா, அவன் மேல பாசமா இருக்கன்னு தெரியுது. அதுக்காக இல்லாதத எல்லாம் இழுத்து உன் தலையில போட்டுக்காத.”

உண்மையைச் சொல்லும்போதுதான் என்னை யாரும் நம்ப மாட்டார்கள் என்று நான் இதுவரை யோசித்ததில்லை.

பையிலிருந்து பழைய டேப்பை எடுத்து ஏ.அ. மேஜை மேல் வைத்தேன். டைரியைத் திறந்து துண்டை எடுத்து அதன் முன்னால் வைத்தேன். மாமா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு ஒற்றை விரலால் துண்டைத் தள்ளிக்கொண்டுபோய் டேப்போடு சேர்த்தார். கத்தரித்த இடம் கொஞ்சம் கோணல். இரண்டு பக்கமும் அதே கோணல். பொருந்தியது.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எப்ப சொல்லலாம்னு இருந்த?”

“தெரியல மாமா. சந்தா கட்டின அப்புறம்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தோளில் கிடந்த துண்டால் மேஜைத் தூசியைத் துடைத்தார், ஒரு மூலை விடாமல்.

“அவன் மூணு வாட்டி சொன்னான்” என்றார். என்னிடம் இல்லை. “காலையில கெளம்பு. நீதான் சொல்ற. நான் சொல்ல மாட்டேன். அந்த மூணு புக்கையும் எடுத்துக்க.”

புத்தகம் எதற்கு என்று கேட்கவில்லை.


மே 21, புதன்

பைக். புவனகிரி, வடலூர் வழி. மாமா ஓட்ட, பின்னால் நான், மடியில் மூன்று புத்தகம். வடலூரில் டீ. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மண்டி. தார்ப்பாய் நிழலில் மலை மாதிரி பலா. வாசனை தலைக்கு ஏறியது. லாரியில் ஏற்றும் சாய்வுப் பலகை நடுவில் விரிசல் விட்டிருந்தது. ஏ.அ. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இங்கேயும் மரவேலை என்றால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எழுந்தார். மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “என்னா வாலு, இவ்ளோ தூரம்?”

சொன்னேன். வழியில் நிறைய யோசித்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

“டேப்புல முதல் இஞ்ச வெட்டினது நாந்தாண்ணா. புதுசு மாத்தி வச்சதும் நாந்தான். நீங்க சரியாத்தான் வச்சீங்க. நம்பறேன்னு அன்னிக்கு சொன்னேன்ல, அது நம்பிக்கை இல்லண்ணா. எனக்குத் தெரியும்.”

டேப்பைக் கொடுத்தேன். துண்டையும். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ரிவிட்டைத் தடவினார்.

“நீயேவா அடிச்ச?”

“ஆமா.”

“நல்லா அடிச்சிருக்க.”

அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த உரக்கடை போர்டைப் பார்த்தார். உதடு அசைந்தது, படிக்கிறார். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“திங்கக்கெழம வந்துடு ஏழுமல” என்றார் மாமா.

“எங்க சொன்னியோ அங்க சொல்லு மச்சான்.”

“எங்க?”

“அந்த வூட்டுல. அந்த வூட்டுக்காரரு எதுர்ல. கொத்தனாரு இருந்தா அவரு எதுர்லயும். அப்பறம் திங்கக்கெழமயா செவ்வாக்கெழமயான்னு பார்க்கலாம்.”

மாமா தலையாட்டினார். “சொல்றேன். இவளையும் கூட்டிக்கினு போறேன்.”

“அது உன் இஷ்டம்.”

மண்டிக்காரர் குரல் கொடுத்தார். லாரி காத்திருக்கிறதாம்.  மாமா என் கையிலிருந்த பத்திரிகைகளை வாங்கி நீட்டினார்.

“பட்டறைக்கு ஒன்னு வாங்கணும். எதுன்னு சொல்லு. மூணு வாரமா இவ பார்த்துக்கினே இருக்கறா.” (ஒன்பது நாள். திருத்தவில்லை.)

ஏ.அ. கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். பலாப்பால் போகவில்லை. சீமையைப் பிரித்தார். தாத்தாவைப் பார்த்தார். “இவுரு வேல செய்யறாரா, போட்டோவுக்கு நிக்கறாரா?” டில்லியைப் பிரிக்காமலே கீழே வைத்தார். ஒல்லியை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த சோக முக்காலியின் உள்பக்கப் படத்தில் விரல் வைத்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எண்.

“இதான். இதுல அளவு போட்டிருக்கான். மத்ததுல எல்லாம் படம்தான்.”

கூப்பனை எடுத்தேன். “பேரு உங்க பேருதான் எழுதியிருக்கேன்ணா.”

“அடிச்சிட்டு பட்டறைன்னு போடு.”

அடித்தேன். பட்டறை என்று எழுதி, முகவரியையும் மாற்றினேன். பேனா மக்கர் செய்தது, இரண்டு தடவை உதறினேன்.

“மச்சான், டேப்பு இருக்கா? இந்தப் பலகைய முடிச்சிட்டாதான் லாரி கெளம்பும்.”

மாமா இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கி வைத்த புது டேப். ஏ.அ. இழுத்து, முதலில் 1 இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. விரலால் தொட்டும் பார்த்தார்.

பிறகு பலகை மேல் வைத்து, பத்தில் பிடித்தார்.